கேரல் ரவுண்டுக்கு சீஸ் பிரெட்: மலைல மாவு ஏன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது?

கோத்தகிரில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. டிசம்பர் 24ஆம் தேதி ராத்திரி வீடு வீடா கிறிஸ்துமஸ் பாட்டு பாடிட்டு கேரல் ரவுண்ட் வர்றவங்களுக்கு வருஷா வருஷம் கேக்கும் டீயும் தான் குடுக்கறாங்களாம், இந்த தடவை உள்ள சீஸ் வெச்சு உருண்டை உருண்டையா பிச்சு சாப்பிடற பிரெட் பண்ணணும்னு ஆசை, ஒரு 20 பேர் வருவாங்க. போன வருஷம் ட்ரை பண்ணப்ப மூணு மணி நேரம் ஆகியும் மாவு அசையவே இல்லையாம், சரின்னு ரூம் ஹீட்டர் பக்கத்துல வெச்சதும் திடீர்னு பொங்கிருச்சு, ஓடிஜில (மேடைல வைக்கற சின்ன கரண்ட் அவன்) வெச்சா மேல கருகல், நடுவுல பச்ச மாவு, சீஸ் பூரா தட்டுல ஓடி ஒட்டிக்கிச்சு. 28 லிட்டர் ஓடிஜி தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க முட்டை சாப்பிட மாட்டாங்க, அவங்களும் சாப்பிடற மாதிரி வேணும்னும் சொல்லிருக்காங்க.

அக்கா, ரெசிபி மேல தப்பு சொல்ல முடியாது. அது சென்னைலயோ துபாய்லயோ இருக்கறவங்க எழுதினதா இருக்கும், அவங்க கிச்சன் 30 டிகிரி, உங்க கிச்சன் டிசம்பர்ல 13, 14 டிகிரி. "ஒரு மணி நேரம் மூடி வைக்கவும்"னு அவங்க எழுதினது அவங்க ஊர் மணி நேரம். நம்ம ஊர்ல கடிகாரத்த பாக்காம மாவோட சூட்ட பாக்கணும், முக்கியமா அது ஒண்ணு தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. குளிர்ல ஈஸ்ட் மந்தமா வேல செய்யும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா உயரம் அதுக்கு நேர் எதிரா வேல செய்யுது. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். இவ்வளவு உயரத்துல காத்தழுத்தம் கடலோரத்த விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால மாவுக்குள்ள உருவாகற கேஸ அமுக்கி புடிக்க வெளிய ஆள் கம்மி, அதே கேஸ் இங்க அதிகமா விரியும். அப்ப என்னாகும்னா, குளிர்ல மூணு மணி நேரம் தூங்கிட்டிருந்த மாவு, சூடு கெடச்ச உடனே கீழ ஊர்ல எழும்பறத விட வேகமா எழும்பும். உங்க வீட்ல ஹீட்டர் பக்கத்துல வெச்சப்ப நடந்தது அதே தான். அதுவும் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் காயுதா, அந்தப் பக்க மாவு ஓவரா எழும்பி தளர்ந்து போயிருக்கும், மறுபக்கம் இன்னும் ஜில்லுன்னு இருந்திருக்கும், அப்படி மாவ எந்த அவன்ல வெச்சாலும் சரியா வராது.

அதனால சூட்ட வெளிய இருந்து குடுக்காம பால் வழியா உள்ள குடுங்க. பேக்கரிக்காரங்க போடற ஒரு சின்ன கணக்கு இருக்கு. பிசைஞ்ச மாவு 26 டிகிரில இருக்கணும்னா அத ரெண்டால பெருக்குங்க, 52. அதுல இருந்து மைதாவோட சூட்ட கழிங்க, கிச்சன் 13 டிகிரின்னா டப்பால இருக்கற மைதாவும் 13 தான், மிச்சம் 39. பால் 39 டிகிரி சூட்டுல ஊத்தணும். தெர்மாமீட்டர் இல்லன்னா மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டு பாருங்க, வெதுவெதுப்ப தாண்டி லேசா சூடு தெரியணும், கை இழுக்கற அளவுக்கு போகக் கூடாது. 55, 60 டிகிரி போச்சுன்னா ஈஸ்ட் செத்துரும். பிசையற பாத்திரத்தையும் முதல்லயே சுடுதண்ணி ஊத்தி அலசி தொடைச்சுக்கோங்க, ஸ்டீல் பேசின் ஜில்லுன்னு இருந்தா பாலோட சூட்ட அதுவே உறிஞ்சிரும். பால் நம்ம வீட்ல எப்பவும் காய்ச்சி தான் வெச்சிருப்போம், அதுவும் நல்லதுக்கு தான், காய்ச்சாத பால்ல இருக்கற ஒரு புரதம் பிரெட்ட சரியா எழும்ப விடாது.

அளவு சொல்றேன், முட்டை இல்லாம. மைதா 500 கிராம், பால் 310 மில்லி (கடைசி 20 மில்லிய உடனே ஊத்தாதீங்க, மாவு கேட்டா மட்டும்), வெண்ணெய் 50, சர்க்கரை 25, உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7. சீஸ்லயே உப்பு இருக்கறதால தான் உப்பு 8, வழக்கமா 10 போடற மாவு இது. வெண்ணெய் கடைசில சேருங்க, ஒரு பத்து நிமிஷம் விடாம பிசைங்க, மாவு கைல ஒட்டாம வழவழன்னு வரணும். போன கிறிஸ்துமஸ்க்கு பிரிச்ச ஈஸ்ட் பாக்கெட் ஏதாவது கபோர்டுல கெடந்தா தயவு செஞ்சு தூக்கி போட்டுருங்க, நம்ம ஊர் மழக்கால ஈரத்துல அது எப்பவோ போயிருக்கும்.

எழும்ப வைக்க ஓடிஜிய விட நல்ல எடம் வீட்ல கெடையாது, ஆனா ஆன் பண்ணாம. அடித்தட்டுல ஒரு பாத்திரம் நிறைய கொதிக்கற தண்ணி, மேல் தட்டுல மாவு, கதவ மூடிருங்க, அரை மணிக்கு ஒருக்கா தண்ணிய மாத்துங்க. கணப்பு பக்கத்துலயும் வேணாம், வெந்நீர் பாய்லர் மேலயும் வேணாம். முதல் தடவ எழும்பறப்ப ரெண்டு மடங்கு ஆகட்டும். உருட்டி சீஸ் வெச்சு தட்டுல அடுக்கின அப்புறம் ரெண்டாவது தடவ எழும்பறது தான் மலைல உஷாரா இருக்க வேண்டிய எடம், அப்ப ரெண்டு மடங்கு வரைக்கும் விடாதீங்க, ஒண்ணரை மடங்குக்கு கொஞ்சம் மேல போனதும் நிறுத்துங்க. விரல்ல மாவ தொட்டு அழுத்தினா குழி மெதுவா பாதி மேல வரணும், சட்டுன்னு மேல வந்தா இன்னும் நேரம் வேணும், குழி அப்படியே நின்னா தாண்டிப் போச்சுன்னு அர்த்தம். மிச்சம் எழும்பறது ஓடிஜிக்குள்ள நடக்கும், இங்க அது கீழ ஊர்ல விட கொஞ்சம் ஜாஸ்தியாவே நடக்கும்.

நடுவுல பச்சையா இருந்த கதைக்கு வருவோம். வட்டத் தட்டுல எந்த பிரெட்டா இருந்தாலும் கடைசியா வேகறது நடுப்பகுதி, அதுவும் உள்ள சீஸ் இருந்தா இன்னும் லேட். அதனால நடுவுல மாவே வைக்காதீங்க, பிரச்சனை முடிஞ்சுது. 10 அங்குல தட்டுல நடுவுல ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்த காலியா வைங்க, வெளிப்பக்கம் வெண்ணெய் தடவிட்டு. அத சுத்தி 8 உருண்டை, அதுக்கு வெளிய 14, ஆக 22, ஒவ்வொண்ணும் 40 கிராம். ஸ்டீல் சூடாகி உள்பக்க உருண்டைகளையும் வேக வைக்கும், பாக்கறதுக்கு கிறிஸ்துமஸுக்கு கதவுல மாட்டற ரீத் மாதிரியும் இருக்கும். ஐரோப்பால இந்த நடு எடத்துல கேமம்பேர்னு ஒரு முழு வட்ட சீஸ அப்படியே வெச்சு பேக் பண்ணுவாங்க, அந்த வெலைக்கு நமக்கு ரெண்டு தட்டு பிரெட் வந்துரும். வெந்து வெளிய எடுத்த அப்புறம் கிண்ணத்துல சீஸ் டிப் ஊத்துங்க போதும்: 100 மில்லி பால்ல ஒரு டீஸ்பூன் சோளமாவு கரைச்சு கொதிக்க விட்டு, அடுப்ப அணைச்சுட்டு, துருவின சீஸ் 100 கிராம் போட்டு கலக்குங்க. அணைக்காம போட்டா சீஸ் எண்ணெயா பிரிஞ்சுரும்.

20 பேருக்கு 22 உருண்டைன்னா ஆளுக்கு ஒண்ணு தான், யாருக்கு பத்தும், அதுவும் பாடிட்டு குளிர்ல நடந்து வர்ற பசங்க. மேல சொன்ன அளவு ஒரு தட்டுக்கு, அத ரெண்டு மடங்கா எடுத்து ரெண்டு தட்டா பண்ணுங்க, ஒண்ணு வேகறப்ப இன்னொண்ணு குளிர்ல காத்திருக்கட்டும், நம்ம ஊர் குளிருக்கு இந்த ஒரு லாபமாவது இருக்கட்டுமே.

சூடு 190 டிகிரி, முன்னாடியே 20 நிமிஷம் காய விடுங்க, ஓடிஜி டயல்ல 190னு இருந்தா உள்ள 190 இருக்கும்னு நம்பாதீங்க, ஒரு சின்ன அவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ள தொங்க விட்டா உண்மை தெரிஞ்சுரும். தட்டு கீழ் அடுக்குல, மேல் கம்பிக்கு தூரமா. 15 நிமிஷம் ஆனதும் நெறம் வந்திருக்கும், மேல ஃபாயில் மூடி 175க்கு குறைச்சு இன்னொரு 12ல இருந்து 15 நிமிஷம். உணவு தெர்மாமீட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு: வெளிநாட்டு ரெசிபில சில பேர் 96 டிகிரி வந்தா தான் பிரெட் வெந்துச்சுன்னு எழுதுவாங்க. கோத்தகிரில தண்ணியே 94 டிகிரில கொதிச்சுரும், ஊட்டில 93 கூட வராது, அப்புறம் ஈரமான மாவு எப்படி 96க்கு போகும்? அதுக்காக காத்திருந்தா காஞ்ச கட்டை தான் கெடைக்கும். இந்த மாவுக்கு 88, 90 வந்தா போதும், எடுத்துருங்க. கம்பிய சீஸ்ல குத்தாம மாவுல குத்தணும்.

சீஸ் ஓடினதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, உருண்டைய மூடற எடத்துல வெண்ணெயோ சீஸ் துருவலோ பட்டிருந்தா அது ஒட்டாது, சூட்டுல வாய தொறந்துரும். கொழுக்கட்டைக்கு மூடற மாதிரி ஓரத்த இழுத்து நல்லா கிள்ளி மூடி, மூடின பக்கம் அடில இருக்கற மாதிரி வைங்க. ரெண்டாவது, துருவி வெச்ச சீஸ். துருவினது சீக்கிரம் உருகி வெளிய வர வழி தேடும், 10 கிராம் கட்டியா வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஜில்லுன்னு வெச்சு அப்படியே உள்ள வைங்க. தண்ணில மெதக்கற ஃப்ரெஷ் மொசரெல்லா வேணாம், மாவ நனைச்சுரும், பீட்சாவுக்குன்னு விக்கற கட்டி மொசரெல்லா வாங்குங்க. ஆனா மொசரெல்லாவுக்கு இழுப்பு மட்டும் தான், ருசி கம்மி, அதனால மூணுல ஒரு பங்கு செடாரோ கௌடாவோ சேருங்க, கொடைக்கானல்லயும் குன்னூர் பக்கமும் சீஸ் பண்றாங்க, கெடச்சா அத போடுங்க. க்யூப் சீஸ் மட்டும் போட்டா தப்பில்ல, ஓடாது, ஆனா இழுபடவும் செய்யாது, பசங்க போட்டோ எடுக்கறப்ப தான் ஏமாறுவாங்க.

பூண்டு பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன், ஏன்னா கண்டிப்பா போடுவீங்க. பச்ச பூண்ட மாவுல அரைச்சு கலக்காதீங்க, அது ஈஸ்ட அடக்கும், மாவையும் தளர்த்தும். வெண்ணெய்ல பூண்ட லேசா வதக்கி, தோட்டத்துல இருக்கற ரோஸ்மேரிய பொடியா நறுக்கி போட்டு, பாதிய ஓடிஜிக்கு போறதுக்கு முன்னாடி தடவுங்க (பூண்டுத் துணுக்கு இல்லாம வெறும் வெண்ணெய் மட்டும், துணுக்கு கருகினா கசக்கும்), மிச்சத்த வெளிய வந்த உடனே தாராளமா ஊத்துங்க. மலைப்பூண்டு கெடச்சா விடாதீங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க, அதோட வாசனைக்கு சாதாரண பூண்டுல பாதி போட்டா போதும்.

நேரக் கணக்கு இப்படி வெச்சுக்கோங்க. 23ஆம் தேதி சாயங்காலம் ஈஸ்ட தட்டுக்கு 4 கிராமா குறைச்சு பிசைஞ்சு மூடி, அரை மணி வெளிய வெச்சுட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுருங்க, ராத்திரி பூரா மெதுவா எழும்பும், ருசியும் கூடும். வெளியவே குளிர் தானேன்னு கிச்சன் மேடைல விட வேணாம், பால் சேர்ந்த மாவு. 24 காலைல ஜில்லுன்னு இருக்கற மாவ உருட்டறதும் ஈசி. மதியம் மூணு மணிக்குள்ள ரெண்டு தட்டும் வெந்து வெளிய வந்துரணும், ஏன்னா சாயங்காலம் ஆனா ஊரே ஹீட்டரும் கீசரும் போடும், வோல்டேஜ் எறங்கி ஓடிஜி மந்தமாயிரும், இல்லன்னா கரண்டே போயிரும், இன்வெர்டர்ல ஓடிஜி ஓடாது. நல்லா ஆறினதும் டிப் ஊத்தாம மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க.

தெருமுனைல கித்தார் சத்தம் கேட்டதும் ஃபாயில் சுத்தி 150 டிகிரில 15 நிமிஷம். கரண்ட் இல்லையா, கனமான தோசக்கல்லு மேல தட்ட வெச்சு மூடி, சின்ன தீயில பத்து நிமிஷம். மைக்ரோவேவ் மட்டும் வேணாம், சீஸ் ரப்பராயிரும். மிச்சமான உருண்டைகள மறுநாள் இட்லி பானைல மூணு நிமிஷம் ஆவி காட்டுங்க, மேல் மொறுமொறுப்பு போயிரும், உள்ள புதுசு மாதிரி ஆயிரும்.

பக்கத்து வீட்டுக்காரங்களுக்காக: முட்டைக்கு பதிலா மேல பால் தடவினா நெறம் வந்துரும். ஆனா முட்டை இல்லன்னா மட்டும் சைவம் ஆயிராது, சீஸுக்கு பால திரிய வைக்கற ரென்னெட் எதுல இருந்து வந்துச்சுன்னும் பாக்கணும். பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா தைரியமா வாங்கலாம். யாராவது வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த இத்தாலி பார்மிஜானோ ரெஜ்ஜானோ வீட்ல இருந்தா அத இதுல துருவிடாதீங்க, அது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட்ல பண்றது.