கோச்சுக்கு ஐந்து கோடி டாலர் வழியனுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில் படிக்கிறான். அவன் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் கோச்சை வேலையை விட்டு அனுப்ப 5 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியிருக்கிறதாம். நிஜமா, கதை விடுகிறானா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நிஜம்தான். நாம் பார்க்கிற கால்பந்து இல்லை இது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதி ஆடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே கல்லூரி ஆட்டத்துக்கே கூட்டம் அலைமோதும். பேட்டன் ரூஜில் இருக்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின், சுருக்கமாக எல்எஸ்யூவின், டைகர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த எல்எஸ்யூ 2021 கடைசியில் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் இருந்து பிரையன் கெல்லியை அழைத்து வந்தது. 10 வருஷ ஒப்பந்தம், 9.5 கோடி டாலர், ஊக்கத்தொகை தனி. 2025 அக்டோபர் 25 அன்று சொந்த மைதானத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்றார்கள், மறுநாளே அவரை நீக்கிவிட்டார்கள். காரணம் எதுவும் சுமத்தாமல் நீக்கினால் மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தத் தொகை சுமார் 5.4 கோடி டாலர்.

இத்தனைக்கும் கெல்லி அங்கே 34 ஆட்டம் ஜெயித்து 14 தோற்றவர். வேறு பல ஊர்களில் இந்தக் கணக்குக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் எல்எஸ்யூவில் அவருக்கு முன்னால் இருந்த மூன்று பேரும், அதாவது நிக் சேபன், லெஸ் மைல்ஸ், எட் ஓர்ஜரான், ஆளுக்கொரு தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்கள். அந்த வரிசையில் வந்து தேசிய சாம்பியனை முடிவு செய்கிற பிளேஆஃப் சுற்றுக்கே ஒரு தடவைகூடப் போகவில்லை என்றால் ரசிகர்கள் பொறுக்க மாட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி இதில் நேரடியாக இறங்கினார். கெல்லியைக் கொண்டு வந்த விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் வுட்வார்ட் அடுத்த கோச்சைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார், சில நாளிலேயே வுட்வார்டும் போய்விட்டார். பணத்தைக் குறைக்கப் பேரம் நடந்தது, கெல்லி வழக்குப் போட்டார், கடைசியில் பல்கலைக்கழகம் முழுத் தொகையையும் ஒப்புக்கொண்டது. மக்கள் பணம் வீணாகிறது என்று ஆளுநர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டும். நீக்கின பிறகு கேட்டு என்ன பயன்?

கேள்வி: இவ்வளவு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் எப்படி இப்படி ஒப்பந்தம் போடுகிறார்கள்? (கோவை வாசகி)

பதில்: பயம்தான் காரணம். நம் ஆளை வேறொருவர் கொத்திக்கொண்டு போய்விடுவாரோ என்கிற பயம். டெக்சஸ் ஏ அண்ட் எம் கதையைப் பாருங்கள். 2017-ல் ஜிம்போ ஃபிஷரை 10 வருஷத்துக்கு 7.5 கோடி டாலர் என்று எடுத்தார்கள், எடுத்தவர் யார் என்றால் அப்போது அங்கே இயக்குநராக இருந்த இதே வுட்வார்ட்தான். 2021-ல், முதல் ஒப்பந்தத்திலேயே பாதிக்கு மேல் மீதி இருக்கும்போது, அவரை 2031 வரை நீட்டித்து சம்பளத்தையும் ஏற்றினார்கள். 2023 நவம்பரில் நீக்கியபோது கொடுக்க வேண்டிய தொகை 7.6 கோடி டாலரைத் தாண்டியது. அவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் இந்தத் தொகையில் ஒரு காசு குறையாது என்பது அந்த ஒப்பந்தத்தின் தனிச்சிறப்பு.

எல்லா ஒப்பந்தமும் அப்படி இல்லை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது, அவருக்குத் தர வேண்டியது கிட்டத்தட்ட 4.9 கோடி டாலர். அடுத்த மாதமே அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார், அதனால் தொகை 90 லட்சமாகக் குறைந்து முடிந்தது. புது வேலையின் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளும் ஷரத்து இருந்தால் இவ்வளவு வித்தியாசம். அந்த ஒரு ஷரத்துக்காகக்கூட உறுதியாக நிற்க முடியாத நிர்வாகிகள் பல்கலைக்கழகப் பணத்தைக் கையாளவே கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: லேன் கிஃபின் செய்தது துரோகம் இல்லையா? எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக இதே சண்டை. (டல்லாஸ் வாசகர்)

பதில்: தெரியாதவர்களுக்காக ஒரு வரி: மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஓல் மிஸ் அணி 2025-ல் 11 ஆட்டம் ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்று, பிளேஆஃப் வாசலில் நின்ற நேரத்தில், நவம்பர் 30 அன்று அதன் கோச் கிஃபின் எல்எஸ்யூவுக்குப் போனார், கெல்லியின் நாற்காலிக்குத்தான். வருஷத்துக்கு சுமார் 1.3 கோடி டாலர், 7 வருஷம். பிளேஆஃபிலும் நானே கோச்சாக இருக்கிறேன் என்று கேட்டார், ஓல் மிஸ் முடியாது என்றது. ஓல் மிஸ் இருக்கிற ஆக்ஸ்ஃபோர்டு ஊரின் விமான நிலையத்துக்கே ரசிகர்கள் போய் அவரைப் பார்த்துக் கத்தினார்கள்.

எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற மாதிரி போனார். 2010 ஜனவரியிலும் டென்னஸியை ஒரே சீசனில் விட்டுவிட்டு யுஎஸ்சிக்கு (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனவர்தான் இவர். ஆனால் அவரை மட்டும் திட்டி நிறுத்தினால் விஷயம் தப்பிவிடும். உயர்நிலைப்பள்ளி வீரர்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று கையெழுத்திடும் காலம் இப்போது டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, ஜனவரியில் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கிறது, அதற்குள் கோச் இல்லாத அணி வீரர்களை இழக்கும். பிளேஆஃபோ டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி மூன்றாம் வாரம் வரை போகிறது. ஆட்டம் முடிந்த பிறகுதான் கோச்சைப் பேசலாம் என்று ஒரு நாள் குறித்து எல்லாரையும் கட்டுப்படுத்தினால் பாதிச் சண்டை நின்றுவிடும். இதைச் செய்யாமல் தனி ஆளின் நேர்மையை நம்பி இருப்பது சரியில்லை. கெல்லியும் அப்படித்தான்: 2009-ல் தோல்வியே காணாத சின்சினாட்டி அணியை சீசன் முடிவில் வரும் பெரிய ஆட்டமான சுகர் பவுலுக்கு முன்பே விட்டுவிட்டு நோட்ரடேமுக்குப் போனார், அந்த அணி ஃபுளோரிடாவிடம் 51-24 என்று அடிவாங்கியது.

ஓல் மிஸ் பையன்கள் அப்படி உடையவில்லை, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். தடுப்பாட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பீட் கோல்டிங்கையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். டுலேனை 41-10 என்று ஜெயித்து, ஜார்ஜியாவை 39-34 என்று ஜெயித்து, அரையிறுதியில்தான் மயாமியிடம் 31-27 என்று தோற்றார்கள்.

கேள்வி: ரசிகர்கள் எதிர்த்தால் ஒரு நியமனத்தை நிறுத்த முடியுமா? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: முடிந்திருக்கிறது. 2017 நவம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. டென்னஸி பல்கலைக்கழகம் கிரெக் ஷியானோவை எடுக்கப் போகிறது என்று செய்தி வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள், மாநில அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள், ராத்திரிக்குள் பேச்சே முறிந்தது. எதிர்ப்புக்குச் சொன்ன காரணம் தீவிரமானது. பென் ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைச் சீரழித்த வழக்கின் ஆவணத்தில், முன்பு அங்கே வேலை பார்த்த ஷியானோவுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று ஒருவர் மற்றவரிடம் கேள்விப்பட்டதாகச் சொன்ன வாக்குமூலம் இருந்தது. ஷியானோ அதை மறுத்தார், அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. இப்படிப்பட்ட விஷயத்தில் கேள்வி கேட்பது ரசிகர்களின் உரிமை. ஆனால் அங்கே ஒரு பகல் பொழுதில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, அப்புறம் என்ன ஆனது? இயக்குநர் ஜான் கரியின் வேலை போனது, ஜெரமி புரூட் கோச்சாக வந்தார், வீரர்களைச் சேர்ப்பதில் விதிமீறல் நடந்தது என்று 2021 ஜனவரியில் அவரையும் நீக்கினார்கள். 2023-ல் 18 கடுமையான விதிமீறல்களுக்காக, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போட்டது.

கேள்வி: அப்படியானால் நல்ல கோச்சை எப்படித்தான் கண்டுபிடிப்பது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இந்தியானா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். வரலாற்றில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று, 2023-ல் 3 வெற்றி 9 தோல்வி. அந்த நவம்பரில் அவர்கள் பெரிய பெயர் யாரையும் துரத்தவில்லை, ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் இருந்து 62 வயது கர்ட் சிக்னெட்டியை எடுத்தார்கள். அவர் அலபாமாவில் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், அந்த வசதியை விட்டு 2011-ல் ஒரு சின்ன இரண்டாம் நிலைக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனவர், போன இடமெல்லாம் ஜெயித்தவர். முதல் சீசனிலேயே 11 வெற்றி. அடுத்த சீசனில் 16 ஆட்டம், 16 வெற்றி, 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று தோற்கடித்து தேசிய சாம்பியன். அவர் சின்ன ஊர்களில் ஜெயித்த கணக்கு எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் அதைப் படிக்கவில்லை.

கேள்வி: கோச் போய்விட்டால் வீரர்களும் போகலாமா? (சென்னை வாசகர்)

பதில்: போகலாம். புது கோச் வந்த பிறகு வீரர்கள் வெளியேற 15 நாள் அவகாசம் தருகிறார்கள். 19 வயதுப் பையன் பாடம், நண்பர்கள், எதிர்காலம் எல்லாவற்றையும் அந்த இரண்டு வாரத்தில் யோசித்தாக வேண்டும். அவனுக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுக்கலாம்.