காடென்று எழுதப்படாத காடு

ஐயா, வணக்கம்.

காடென்று பதிவாகாத நிலங்களையும் சில எல்லைத் திட்டங்களையும் சட்டத்துக்கு வெளியே விடும்படி வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று தாங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் ஐயங்களை மறைக்காமல் கேட்கிறேன். எல்லையில் சாலை போடவும் முகாம் அமைக்கவும் இராணுவம் வனத்துறையின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமா? தன் நிலத்தில் மரம் வளர்த்த விவசாயி, அது என்றாவது காடு என்று சொல்லப்பட்டுவிடுமோ என்று அஞ்சுவது நியாயமா? உச்ச நீதிமன்றமே இடைக்கால உத்தரவு பிறப்பித்துவிட்ட நிலையில், நடைமுறைக்கு வந்துவிட்ட ஒரு சட்டத்தை எதிர்த்து எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருத்தத்தை ஆதரிப்பவர்களில் பலர் மனதில் இருப்பதைத்தான் நீங்கள் நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் எதையும் அடியோடு தடை செய்யவில்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கு முன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதே அதன் சாரம். சுரங்கத்துக்கும் அணைக்கும் சாலைக்கும் இராணுவத்துக்கும் அந்தச் சட்டத்தின் கீழேயே நிலம் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. எவ்வளவு நிலம், மாற்று இடம் உண்டா, அங்கே எந்த உயிரினங்கள் வாழ்கின்றன, யார் அதை நம்பி இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு ஓர் அதிகாரி கோப்பில் பதில் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டுமே அது உண்டாக்கியது. அந்தக் கட்டாயம் வருவதற்கு முன், 1951 முதல் 1980 வரையான காலத்தில், சுமார் 43 லட்சம் ஹெக்டேர் காடு வேறு பயன்பாடுகளுக்குப் போனது என்பது அரசே சொன்ன கணக்கு. ஆகவே ஒரு நிலத்துக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிப்பதென்றால், அந்த நிலத்தைப் பற்றி இனி யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை என்று பொருள்.

எல்லைப் பகுதி பற்றிய உங்கள் கேள்வியை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும், நாட்டின் பாதுகாப்பு சார்ந்த சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குத் திருத்தம் விலக்கு அளிக்கிறது. சிக்கிம், திரிபுரா, மிசோரம் போன்ற சிறிய மாநிலங்களின் வரைபடத்தில் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் அளந்தால் ஏறத்தாழ மாநிலமே அதற்குள் அடங்கிவிடும். அங்கே வாழும் மக்கள் தேசப் பாதுகாப்பில் அக்கறையற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் மிசோரம் சட்டமன்றம் 2023 ஆகஸ்ட் மாதமே இத்திருத்தத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

விவசாயியின் அச்சம் உண்மையானது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில், முன்பு ஜமீன் போன்ற உரிமையில் இருந்த ஜன்ம நிலங்களின் பிரச்சினையில் சிக்கி, பட்டாவும் மின் இணைப்பும் இல்லாமல் தலைமுறைகளைக் கழித்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வழி, நிலங்களை முறையாக அளந்து, எது தோப்பு, எது காடு என்று ஊராரோடு கலந்து பட்டியலிடுவதுதான். பட்டியல் முடியும் முன்னரே, காடென்று பதிவாகாத நிலங்களையெல்லாம் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது தீர்வாகாது. திருத்தம் செய்திருப்பது அதைத்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதே கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு பொறுக்காமல், கேரளத்தின் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த உத்தரவு, யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. இருபத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற அந்தக் காவலைத்தான் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அகற்றியது. முறைப்படி அறிவிக்கை செய்யப்பட்ட அல்லது 1980 அக்டோபர் 25க்குப் பின் அரசு ஆவணத்தில் காடென்று பதிவான நிலத்துக்கு மட்டுமே இனி சட்டம் பொருந்தும் என்றது. இதனால் சுமார் 1.97 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு பாதுகாப்பை இழக்கும் என்று வழக்குத் தொடுத்தவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். சட்டத்தின் பெயரைக்கூடத் தமிழரோ மிசோ மக்களோ வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி 'வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதினியம்' என்று மாற்றிவிட்டார்கள் என்பது எனக்குத் தனி வருத்தம்.

காகிதத்தில் ஒரு சொல் இல்லாமற்போவது தரையில் என்ன செய்யும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் ஊரை ஒட்டி ஒரு கரடு, அதாவது சிறு பாறைக் குன்று, இருக்கிறது. உசிலும் வெள்வேலும் கிளுவையும் மண்டி, இடையிடையே கள்ளிப் புதர்கள் நிற்கும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பாறைச் சரிவில் ஒரு வளையைக் காட்டி, அலங்கு (எறும்புத்தின்னி) தோண்டியது என்றார். வாயிலில் கிடந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் உடைபட்ட கரையான் புற்று. அலங்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பு அதற்கும் உண்டு. அன்று பிற்பகல் கிராம நிர்வாக அலுவலகத்தில், ஊரின் நிலங்களையெல்லாம் வகைப்படுத்தி எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்தோம். அந்த சர்வே எண்ணுக்கு நேரே 'அரசு புறம்போக்கு – கல்லாங்குத்து', அதாவது வெறும் கல்மேடு, என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். விலங்குக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அது குடியிருக்கும் மேட்டுக்கு இல்லை. நாளை அந்தக் கரட்டைக் கல் குவாரிக்குக் கேட்டால், திருத்தப்பட்ட வனச் சட்டத்தின் வாசகப்படி யாரையும் கேட்க வேண்டிய அவசியம் எழாது.

நீதிமன்ற உத்தரவைப் பற்றிச் சொன்னீர்கள். 2024 பிப்ரவரி 19 அன்று, மாநிலங்கள் 1996ஆம் ஆண்டின் அகராதிப் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது ஆறுதலானதுதான். ஆனால் அது இடைக்கால உத்தரவு. சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது.

நடைமுறைக்கு வந்ததை எதிர்த்து என்ன பயன் என்ற உங்கள் சோர்வுக்கு மதுரைப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. வனத் திருத்தம் மாநிலங்களவையில் நிறைவேறிய 2023 ஆகஸ்ட் 2 அன்றே, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கும் சுரங்கச் சட்டத் திருத்தமும் நிறைவேறியது. அன்று நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? அடுத்த ஆண்டு நவம்பரில், அரிட்டாபட்டியை உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோதுதான் அந்தச் சட்டம் மேலூர்ப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்தது. அவர்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அவர்களுடைய உறுதியோடு, அங்கே ஒரு பிடிமானமும் இருந்தது: 2022இல் தமிழக அரசு அரிட்டாபட்டிப் பகுதியில் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்திருந்தது. குன்றின் மதிப்பு முன்கூட்டியே எழுத்தில் பதிவாகியிருந்ததால், அங்கே ஒன்றுமில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. திருத்தத்தைத் திரும்பப் பெறச் சொல்லி உங்கள் மக்களவை உறுப்பினருக்கு எழுதுங்கள். அதோடு, 2023ஆம் ஆண்டின் விதிகளிலேயே காட்டு நிலங்களின் தொகுப்புப் பதிவேட்டை ஒவ்வொரு மாநிலமும் வல்லுநர் குழு அமைத்துத் தயாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. உங்கள் ஊரில் கரடோ கோயில் காடோ புதர்வெளியோ இருந்தால், 'அ' பதிவேட்டில் அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மரங்கள், பறவைகள், விலங்குகள் பற்றி மேய்ப்பர்களும் மூத்தவர்களும் சொல்வதைத் தேதியோடு எழுதி, படம் எடுத்து, அந்த நிலத்தைப் பட்டியலில் சேர்க்கும்படி ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் மனு கொடுங்கள். கிராமசபையிலும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஆசிரியராக இருந்தவர் சொன்னால் ஊர் கேட்கும்.

நான் கண்ட கரட்டுக்காக நண்பரின் ஊரார் கொடுத்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்.