கடலூரில் இருந்துகொண்டு காமாக் கதிர் வெடிப்பின் ஒளியைத் தேட முடியுமா?

கேள்வி: "கடலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ரோபோ தொலைநோக்கி மூலம் காமாக் கதிர் வெடிப்புகளின் ஒளியைத் தேடுவதை ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா? கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போனால் மதிப்பெண் போடுவார்களா?"

தாராளமாக எடுக்கலாம். ஆனால் உங்களை உறுத்துவது இரண்டாவது கேள்விதான் என்று தோன்றுகிறது. என்னை உட்கார வைத்து எழுத வைத்ததும் அதுதான். "இதெல்லாம் நாசாக்காரன் பண்ற வேலை, நீ பேசாம தின்ஃபிலிம் மாதிரி லேப்லயே முடியற தலைப்பா எடு" என்று துறையில் யாராவது ஏற்கனவே சொல்லியிருப்பார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வானியல் ஆய்வாளன் இல்லை. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சில வருடம் கௌரவ விரிவுரையாளராக இயற்பியல் நடத்தியவன். ஒரு மாணவனுக்கு இதே தலைப்பில் வழிகாட்டினேன். துறை நிபுணர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோபோ எதற்கு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் மற்றவர்களுக்காக. காமாக் கதிர் வெடிப்பு என்பது மிகத் தொலைவில், பெரும்பாலும் ஒரு விண்மீன் அழியும்போது, திடீரென்று கிளம்பும் காமாக் கதிர் வீச்சு. அது வானத்தில் எந்த மூலையில், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில வெடிப்புகள் ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை, சில பல நிமிடம் நீடிக்கும். பிறகு எக்ஸ் கதிரிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பின்னொளி இருக்கும், அதுவும் வேகமாக மங்கும். 2004 நவம்பரில் ஏவிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் வெடிப்பை உணர்ந்ததும் தானே திரும்பி, பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில், சில விநாடிக்கோண (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) அளவுக்கு இடத்தைச் சொல்லிவிடும். அந்தச் செய்தி நாசாவின் ஜிசிஎன் என்ற அறிவிப்பு வலையமைப்பு வழியாக உலகம் முழுக்கப் போகும். ரோபோ தொலைநோக்கியின் மென்பொருள் செய்தி கிடைத்த நொடியே, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பும். யாரையும் எழுப்ப வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அந்த அவசரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னொளி தோராயமாக நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்தில் 14 மேக்னிட்யூட் (பொலிவின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) இருந்தால் ஒரு மணி நேரத்தில் 18.4 ஆகிவிடும், ஒரு நாளில் 22-ஐத் தொட்டுவிடும். 14 என்பது மொட்டை மாடியில் வைக்கும் சிறு தொலைநோக்கியும் கேமராவும் எட்டும் தூரம். 22-க்குப் பெரிய ஆடி வைத்த தொலைநோக்கி வேண்டும்.

1999 ஜனவரி 23 வெடிப்பைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் லாஸ் அலமோஸில் ராட்சே என்ற ரோபோ. பெரிய ஆடியெல்லாம் கிடையாது, நான்கு கேனான் டெலிஃபோட்டோ லென்ஸ்கள், அவற்றின் பின்னால் சிசிடி என்ற மின்னணுக் கேமரா, அவ்வளவுதான். வெடிப்பு தொடங்கிய 22-ஆவது விநாடியில் முதல் படம் எடுத்துவிட்டது. ஒளி 9 மேக்னிட்யூட் வரை ஏறியது, அதாவது பைனாகுலரில் தெரியும் அளவு. அந்த ஒளி கிளம்பி 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது! இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருந்தாலும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முந்தைய வருடங்களைப் பேசுவதில்லை. கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வகத்தில் குரோக்ஸ், பிறகு லோட்டிஸ் என்று தானாகத் திரும்பும் கேமராக்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கிடைத்ததெல்லாம் மேல் வரம்புகள்தான். இந்த நேரத்தில், இந்த மேக்னிட்யூடுக்கு மேல் பொலிவாக இங்கே எதுவும் இல்லை என்று எழுதி வெளியிட்டார்கள். எத்தனை விநாடிக்குள் போக வேண்டும், எவ்வளவு ஆழம், அதாவது எவ்வளவு மங்கலானது வரை, பார்க்க வேண்டும் என்பதற்கு அடுத்து வந்தவர்களுக்கு அந்த எண்கள்தான் கையில் இருந்தன.

இப்போது எங்கள் கதை. பள்ளி, கல்லூரிகளுக்கு ரோபோ தொலைநோக்கியில் நேரம் ஒதுக்கும் ஒரு திட்டத்தில் எங்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. மாணவன் தேவனாம்பட்டினத்துப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர். ஜிசிஎன் மின்னஞ்சல் வந்தால் அலறுகிற மாதிரி போனில் தனி ரிங்டோன் வைத்திருந்தான். ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி எட்டு மணி வாக்கில் போன் செய்தான். "சார், ஸ்விஃப்ட் பொசிஷன் வந்துடுச்சு, ஆஸ்திரேலியாவுல இப்ப நடு ராத்திரி, போட்டுடலாமா?" மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் கரண்ட் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, ஆஸ்திரேலியாவில் சைடிங் ஸ்பிரிங்கில் இருக்கும் 40 செ.மீ. தொலைநோக்கிக்கு விண்ணப்பத்தை அனுப்பினோம். இங்கே கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வரிசையில் எங்கள் முறை வந்து படம் எடுத்தபோது வெடிப்பு நடந்து இரண்டு மணி நேரம் போல ஆகிவிட்டது.

படங்களை அடுக்கிக் கூட்டினோம். அலாதீன் மென்பொருளில் பழைய வான வரைபடத்தோடு ஒப்பிட்டோம். ஸ்விஃப்ட் சொன்ன இடத்தில் புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை. பையன் அத்தோடு விடவில்லை. எங்கள் படத்தில் நம்பி அளக்கக்கூடிய மிக மங்கலான விண்மீன் எது என்று பார்த்து, அதன் மேக்னிட்யூடைப் பட்டியலில் எடுத்து, இரைச்சலைக் கணக்கிட்டு, 19.5-க்கு மேல் பொலிவாக அங்கே எதுவும் இல்லை என்று விடிவதற்குள் முடித்துவிட்டான். மறுநாள் ஒரு பெரிய தொலைநோக்கிக் குழு, தாங்களும் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று ஜிசிஎன்னில் எழுதியிருந்தது. அவர்களின் வரம்பு எங்களுடையதைவிட ஆழம், ஆனால் நேரம் பல மணி தள்ளி. அந்த முதல் சில மணி நேரத்துக்கு எங்களிடம் ஓர் எண் இருந்தது. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமே தெரியலன்னு எழுதியிருக்கியேப்பா, அப்ப ரிசல்ட் எங்க?" என்றார். பையன் தயங்கவில்லை. "சார், எங்கப்பா கரைக்கு வந்ததும் மீன் பாடு இல்லைன்னு மட்டும் சொல்ல மாட்டாரு. எந்த இடத்துல, எத்தனை பாகம் ஆழத்துல வலை விட்டோம்னு சேர்த்துச் சொல்வாரு. அதைக் கேட்டுத்தான் அடுத்த போட்டுக்காரங்க கிளம்புவாங்க. நான் எழுதியிருக்கிறதும் அதுதான் சார்" என்றான். அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் புரிந்தது. தேர்வாளர் அடுத்த அறிக்கையை எடுத்துவிட்டார். பாஸ் மதிப்பெண் வந்தது, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நாளில் அத்தனை பேருக்கு வைவா வைத்தால் யாருக்குத்தான் படிக்க நேரம் இருக்கும்? ஆனால் முடிவு இல்லை என்றாரே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஏன் என்றால், எக்ஸ் கதிரில் தெளிவாகத் தெரிந்தும் ஒளியில் தெரியாத வெடிப்புகள் நிறைய இருக்கின்றன. இருண்ட வெடிப்புகள் என்றே அவற்றை ஒரு வகையாக வைத்திருக்கிறார்கள். 1997 ஆகஸ்ட் 28 வெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தொலைநோக்கிகளில் தேடியும் பின்னொளி கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதே 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒளி தெரியாமல் போவதற்குக் காரணங்கள் பல. வெடித்த விண்மீனைச் சுற்றித் தூசு மண்டியிருக்கலாம். வெடிப்பு மிக மிகத் தொலைவில் இருந்தால், இடையில் இருக்கும் ஹைட்ரஜன் ஒளியை விழுங்கிவிடும், மிச்சம் அகச்சிவப்பில்தான் தெரியும். அல்லது பின்னொளியே இயல்பாக மங்கலாக இருந்திருக்கலாம். எது என்று பிரித்தறிய, எந்த நேரத்தில் எவ்வளவு ஆழம் பார்த்தார்கள் என்ற எண்தான் உதவும்.

வீட்டில் உட்கார்ந்து படம் வரவழைப்பது வானியலா என்று கேட்பவர்களும் உண்டு. லடாக்கில் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூரு பக்கத்தில் ஹொசகோட்டேயிலிருந்துதான் இயக்குகிறார்கள். அதே ஹான்லேயில் ஐஐடி பம்பாயும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் சேர்ந்து வைத்திருக்கும் 70 செ.மீ. குரோத் தொலைநோக்கி முழுக்க ரோபோ. இந்தியாவில் இப்படி ஒன்று இருப்பது முக்கியம், ஏனென்றால் பூமியின் எந்தப் பக்கம் அப்போது இருட்டோ அங்கேதான் பார்க்க முடியும். 2008 மார்ச் 19 அன்று ஒரு வெடிப்பின் ஒளி வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய 5.3 மேக்னிட்யூட் வரை போனது. நமக்கு அப்போது பகல் 11.40 மணி. சிலியில் இரவு, அங்கிருந்த ரோபோ கேமராக்கள் பிடித்துவிட்டன.

வேறு ஒரு விஷயமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ப்ராஜெக்ட் அறிக்கையை ஹார்ட் பைண்டிங், தங்க எழுத்து, நான்கு பிரதி என்று கேட்கிறார்கள். அந்தப் பையன் அதற்காக அப்பாவிடம் பணம் கேட்டது மீன்பிடித் தடைக்காலத்தில். வைவா முடிந்தபின் அந்தப் பிரதிகள் பீரோ மேல் கட்டுக் கட்டாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். பிடிஎஃப் ஒன்று போதாதா? எந்தக் கல்லூரி நிர்வாகியாவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜிசிஎன்னில் பதிவு இலவசம், இன்றைக்கே செய்துவிடுங்கள். செய்தி வராத நாட்களில் பழைய வெடிப்புகளின் ஜிசிஎன் குறிப்புகளைப் படியுங்கள், வரம்பை எப்படி எழுதுகிறார்கள் என்பது பிடிபடும். ஏதாவது ஒரு சாதாரண விண்மீன் தொகுதியைப் படமெடுத்து மேல் வரம்பு கணக்கிட்டுப் பழகுங்கள், வெடிப்பு வரும் ராத்திரியில் அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. தலைப்பில் "கண்டறிதல்" என்று போடாதீர்கள், "பின்னொளித் தேடலும் மேல் வரம்பும்" என்று போடுங்கள். எத்தனை நிமிடத்தில் பார்த்தீர்கள், எந்த ஃபில்டர், எந்த மேக்னிட்யூட் வரை என்ற மூன்றும் முதல் பக்கச் சுருக்கத்திலேயே இருக்கட்டும். 1997 வெடிப்பின் கட்டுரையை அச்செடுத்து வைவாவுக்குக் கையோடு எடுத்துப் போங்கள். அதற்கு பைண்டிங் வேண்டாம், ஒரு ஸ்டேப்ளர் பின் போதும்.