மேக்ரோ கீபோர்டு: காசு கொடுக்கும் முன்

கேள்வி: கீழக்கரையில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். கடை முகவரி, ஜிஎஸ்டி எண், வழக்கமான குறிப்பு என்று ஒரே வரிகளை நாள் முழுக்க அடிக்கிறோம். ஒரு கீயைத் தட்டினால் எல்லாம் வந்து விழும் என்று 6,500 ரூபாய்க்கு மேக்ரோ கீபோர்டு காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஒரே சிஸ்டத்தில்தான் வேலை என்றால் வேண்டாம். விண்டோஸுக்காக மைக்ரோசாஃப்ட் தரும் பவர்டாய்ஸ் சாஃப்ட்வேர் இலவசம். அதில் கீபோர்டு மேனேஜரைத் திறந்து, ஸ்க்ரோல் லாக் மாதிரி யாரும் தொடாத கீயைத் தேர்ந்தெடுத்து, எதிரே 'டெக்ஸ்ட்' என்று வைத்து வரியை ஒட்டுங்கள். எஃப்5 பக்கம் போகாதீர்கள், பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிக்க அது வேண்டும்.

பெயர், டேப், முகவரி, டேப் என்று பெட்டி பெட்டியாக நிரப்ப ஆட்டோஹாட்கீ என்ற சாஃப்ட்வேர் சரி. அதுவும் இலவசம். மூன்றெழுத்துச் சுருக்கம் அடித்து ஸ்பேஸ் தட்டினால் முழு முகவரியும் விரியும்படி செய்யலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பல பழைய முதல் பதிப்புக்கு எழுதியவை. இரண்டாம் பதிப்பில் ஓடாது. தமிழ் வரி இருந்தால், மேக்ரோவை எழுதிய ஃபைலைச் சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டை (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்று வையுங்கள். ஏஎன்எஸ்ஐ என்றால் எழுத்தெல்லாம் கேள்விக்குறிதான்.

பில் போடும் சாஃப்ட்வேரில் மட்டும் மேக்ரோ வேலை செய்யவில்லையா? அது அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள்; அப்படியானால் மேக்ரோ சாஃப்ட்வேரையும் அப்படியே ஓட்ட வேண்டும். இணையதளம் மெதுவாக இருந்தால் எழுத்துகளை விழுங்கிவிடும். ஒவ்வொரு டேப்புக்குப் பிறகும் 200 மில்லிவினாடி இடைவெளி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மேக்ரோவில் போடவே கூடாது. திறந்த ஃபைலாகக் கிடக்கும், யாரும் படிக்கலாம்.

இரண்டு மூன்று சிஸ்டத்தில் மாற்றி மாற்றி உட்காருகிறீர்கள், எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது என்றால் அந்தக் கீபோர்டுக்கு அர்த்தம் உண்டு. கீபோர்டுக்குள்ளேயே கீக்களை மாற்றியமைக்க உதவும் கியூஎம்கே அல்லது வியா சாஃப்ட்வேருக்கு ஆதரவு இருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலேயே ஒரு மேக்ரோ பதியச் சொல்லி, கழற்றி, அந்தச் சாஃப்ட்வேர் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கும் வந்தால் பதிவு கீபோர்டுக்குள் இருக்கிறது. வராவிட்டால் இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்கிறீர்கள். ஒரு சங்கதி: கீபோர்டுக்குள் பதிந்த மேக்ரோ எழுத்தை அனுப்பாது, கீ அழுத்தத்தைத்தான் அனுப்பும். தமிழ்99 விசை அமைப்புக்குப் பதிந்தது, ஆங்கிலத்தில் இருக்கும் சிஸ்டத்தில் உளறலாக விழும்.

கேள்வி: பாம்பனில் எங்கள் லேப்டாப்பில் ஒரு கீ தானாகவே அடித்துக்கொண்டே இருக்கிறது. வேறு கீக்கு மாற்றினால் தீருமா?

பதில்: தற்காலிகமாகத்தான். பவர்டாய்ஸில் அந்தக் கீயை 'டிசேபிள்' செய்யலாம், ஆனால் லாகின் திரையில் அது செல்லாது. அங்கேயும் அடிக்கிறது என்றால் ஷார்ப்கீஸ் என்ற சாஃப்ட்வேர் கொண்டு முடக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதுவதால் லாகினிலும் நிற்கும். கெட்ட கீ ஒன்றுதான் என்றால் இப்படி ஓட்டலாம். வரிசையாக நான்கைந்து கீ போனால், உள்ளே மின்தடம் அரித்திருக்கலாம். கடற்காற்றில் வந்து படியும் உப்புப் படலம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழை மாதங்களில் கோளாறு கூடுவது அதனால்தான். வெளியே ஒரு யூஎஸ்பி கீபோர்டு போட்டுக்கொள்வது மலிவு. தண்ணீர்த் துணியால் துடைக்காதீர்கள். சிஸ்டத்தை அணைத்துவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

கேள்வி: 'எல்லா கீயும் மாற்றலாம்' என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் ஒரு கீபோர்டு வாங்கினோம். சாஃப்ட்வேரில் லைட் கலர் மட்டும்தான் மாறுகிறது. (தொண்டி)

பதில்: விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை வாசகத்தை மாற்றிவிடக்கூடும். ரிட்டர்ன் கெடுவுக்குள் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.