பாறை சரிந்தால் கடலோர நடைபாதை என்ன ஆகும்?

இங்கிலாந்தின் கடலோர நடைபாதையில் இதற்கு ‘ரோல்பேக்’ என்று பெயர். கரை இடிந்தால் பாதையும் உள்பக்கம் நகரும் ஏற்பாடு அது.

பழைய பொதுவழி உரிமை, அதாவது பிறர் நிலத்தின் வழியே யாரும் நடக்கலாம் என்ற உரிமை, வரைபடத்தில் போட்ட கோடு மாதிரி. அந்த மண் கடலில் விழுந்தால் உரிமையும் கூடவே போய்விடும். யார்க்‌ஷயரின் ஹோல்டர்னஸ் கரை வெறும் களிமண். ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை முதல் 2 மீட்டர் வரை கடல் தின்கிறது. ஒவ்வொரு சரிவுக்கும் முதலிலிருந்து சட்ட நடைமுறை தொடங்கினால் நடந்த மாதிரிதான்! அதனால் 2009ஆம் ஆண்டுச் சட்டம், ‘இந்தப் பகுதியில் பாதை பின்வாங்கலாம்’ என்று முன்கூட்டியே குறித்துவைக்க வழிசெய்தது. சரிவு வந்ததும் நில உரிமையாளரிடம் பேசி, ஓக் காய்ச் சின்னம் பொறித்த வழிகாட்டிக் கம்பத்தைப் பிடுங்கி உள்ளே தள்ளி நடுவார்கள்.

மெரினாவில் அலை ஏறினால் நாம் இரண்டடி பின்னால் போய் நிற்கிறோமே, அதேதான். நிற்கும் இடம் மாறுகிறது. அலையோரம் நிற்பது மாறவில்லை.

பாதை நகர்ந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நிலம் உரிமையாளருடையதே. நமக்கு நடக்கும் உரிமை மட்டும்தான், அதுவும் வீட்டுத் தோட்டத்துக்குள் கிடையாது.