காலையில் சாப்பிட்டால் கணக்கு வருமா?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் வந்தது. அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டையும் அடுப்படியையும் சேர்த்தே பார்த்து வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: டீச்சர், வருகை கூடிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். அவற்றில் 1,543 பள்ளிகளின் கணக்கை மாநிலத் திட்டக்குழு பார்த்தது. 1,319 பள்ளிகளில் வருகை உயர்ந்திருந்தது. ஆனால் திட்டத்துக்கு முந்தைய ஜூன், ஜூலையை அடுத்த ஜனவரி, பிப்ரவரியோடு ஒப்பிட்ட கணக்கு அது. ஜூனில் எப்போதுமே வருகை மந்தம்தான், சேர்க்கையே முடிந்திருக்காது. அதனால் அந்த ஏற்றம் முழுவதும் சாப்பாட்டால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

நான் கண்ணால் பார்த்தது வேறு. வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போடும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அம்மா விடியும் முன்பே பூப்பறிக்கப் போய்விடுவார். வீட்டில் எழுப்பிவிட ஆள் இல்லை, அடுப்பும் எரியாது. டீயில் வர்க்கியை நனைத்துத் தின்றுவிட்டு ஒன்பதரைக்கு வரும், இல்லையென்றால் வராது. இப்போது எட்டேகாலுக்கே தட்டோடு வரிசையில் முதலில் நிற்பது அந்தப் பிள்ளைகள்தான்.

கேள்வி: சரி, வந்து உட்கார்ந்துவிட்டார்கள். படிப்பு ஏறுகிறதா?

ஜமைக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 16 கிராமப் பள்ளிகள், 814 பிள்ளைகள். ஒரு கல்வியாண்டு முழுக்க ஒரு பாதிக்குக் காலை உணவு, மறுபாதிக்கு ஆரஞ்சுப் பழத்தில் கால் துண்டு. 1998இல் வெளிவந்த முடிவின்படி, காலை உணவு சாப்பிட்ட பாதிக்கு உயரம், எடை, வருகை மூன்றும் கொஞ்சம் கூடின. கணக்கில் முன்னேறியவர்கள் அவர்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகள்.

அதே நாட்டில் வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்த்த இன்னோர் ஆய்வும் உண்டு. வகுப்புக்குத் தனி அறையும் போதிய மேசையும் இருந்த பள்ளியில், சாப்பிட்ட நாளில் பிள்ளைகளின் கவனம் கூடியது. நெருக்கடியான பள்ளிகளில் சாப்பிட்ட தெம்பில் பேச்சும் ஆட்டமும்தான் கூடின. படித்ததும் எனக்கு எங்கள் கூடம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வகுப்பு, ஒரே ஆசிரியை. பசி போனால் பிள்ளை முதல் பாடவேளையில் கண் சொருகாமல் உட்காரும். அதற்கு மேல் காலிப் பணியிடத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும், அந்த வேலையைப் பொங்கல் செய்யாது.

நேரமும் முக்கியம். ஒருநாள் கேஸ் தீர்ந்துபோய் ஒன்பதரை மணிக்குத்தான் கிச்சடி இறங்கியது. பிள்ளைகள் கைகழுவி உட்கார்ந்தபோது முதல் பாடவேளை போயே போய்விட்டது.

கேள்வி: என் மகள் வீட்டிலேயே இட்லி சாப்பிடுகிறாள். பள்ளியிலும் சாப்பிட வேண்டுமா?

சாப்பிடட்டும் அம்மா. வீட்டில் ஓர் இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகள்தான் பள்ளியில் சாப்பிடும் என்ற பேச்சு ஊரில் வந்துவிட்டால், நிஜமாகவே பசியோடு வருகிற பிள்ளை தட்டை எடுக்கக் கூச்சப்படும்.

கேள்வி: தினமும் உப்புமாதானா?

இல்லை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும். பிள்ளை ஒன்றுக்குத் தானியம் 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அதோடு உள்ளூர்க் காய்கறி. இரண்டாம் வகுப்பில் ஒருவன் கேரட் துண்டுகளையெல்லாம் தட்டின் விளிம்பில் அடுக்கிவைத்துவிட்டு, கடைசியில் ஒன்றொன்றாக எடுத்துத் தின்பான்.

கேள்வி: சமைப்பவர் இன்ன சாதி என்று சொல்லிச் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடுவதில்லையாமே?

2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் அது நடந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதுதான் சரியான வழி. சமைப்பவர்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள், பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில்தான் படிக்கின்றன. எங்கள் பள்ளியில் முதல் தட்டு ஆசிரியர்களுக்குத்தான். எல்லார் கண்ணெதிரிலும் சாப்பிடுகிறோம்.

கேள்வி: என் பையன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். அங்கேயும் கிடைக்குமா?

இந்தத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்குத்தான். 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தபோதும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. இது எனக்குப் பெரிய மனக்குறை. போன வருடம் எங்களிடம் ஐந்தாவது முடித்த பெண் ஒருத்தி, தம்பியை விட்டுவிட்டுப் போகத் தினமும் வருகிறாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். மீதி இருந்தால் அவளுக்கும் ஒரு கரண்டி வையுங்கள் என்று சமைக்கும் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.