நகல் மனு

அன்புள்ள ஐயா,

சேலத்தில் குகை என்ற பகுதியில் பிறந்தவள் நான். இப்போது இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சீனியர் கேரராக வேலை செய்கிறேன். 2022 அக்டோபரில் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் கணவர், மகனுடன் வந்தேன். ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். 2027 அக்டோபரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது பொதுவாகப் பத்து வருடம், எங்களைப் போன்ற வேலைக்காரர்களுக்குப் பதினைந்து வருடம் என்று மாற்றப்போகிறார்களாம். ஏற்கெனவே வந்துவிட்டவர்களையும் சேர்த்து. 2026 பிப்ரவரி 12 வரை மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

எங்கள் வாட்ஸப் குழுவில் நல்ல ஆங்கிலத்தில் ஒரு மாதிரிப் பதில் சுற்றுகிறது. எல்லோரும் அதையே ஒட்டி அனுப்புகிறார்கள். நானும் அனுப்பட்டுமா? அனுப்பிப் பிரயோஜனம் உண்டா? நாங்கள் படகில் திருட்டுத்தனமாக வந்தவர்கள் இல்லை, ஒரு பென்னி உதவித்தொகை வாங்கியதில்லை. எங்களை ஏன் அவர்களோடு சேர்க்கிறார்கள்? தன்னார்வத் தொண்டு செய்தால் வருடங்களைக் குறைப்பார்களாம். வாரத்தில் நான்கு ராத்திரி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன். அதற்கு மேல் என்ன தொண்டு? ஆங்கிலப் பரீட்சையையும் கடினமாக்குகிறார்கள். பேசாமல் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டுவிட்டு ஊருக்கே திரும்பலாமா என்கிறார் கணவர்.

சு.

அன்புள்ள சு.,

மனையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அடிவாரத்தில் இன்று விற்கிற விலையைக் கேட்டால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆங்கிலப் பரீட்சைப் புலம்பலையும் நான் காதில் வாங்கப்போவதில்லை. மூன்று வருடமாக அந்த ஊர்க் கிழவர்களோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கிற உங்களுக்கு அந்தப் பரீட்சையின் பி2 நிலை எட்டாத உயரமா? படியுங்கள். அதற்கு அடுத்த சி1 நிலை தேறினால் ஒரு வருடம் குறையும் என்றும் அதே திட்டத்தில் இருக்கிறதே.

என்னை எழுத வைத்தது அந்த மாதிரிப் பதில்தான். சில வாரங்களாக ஒரு பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பெட்டி என் அம்மாவின் சித்தப்பாவுடையது. எங்களுக்குச் சின்னத் தாத்தா. ஆத்தூர்ப் பக்கம். அவருடைய அப்பா தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியின் பின்னால் இலங்கைக்குப் போனவர். சின்னத் தாத்தா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அங்கேயே பிறந்தவர் அந்நாட்டுக்காரர்தானே என்று நீங்கள் கேட்கலாம். 1948 குடியுரிமைச் சட்டம் நீ எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை, உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. அப்பன் பிறந்தது ஆத்தூரில்.

அடுத்த வருடமே இன்னொரு சட்டம் வந்தது. வசித்த காலத்தைக் காட்டிக் குடியுரிமை கேட்கலாம். 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கல்யாணம் ஆனவர் என்றால் 7 வருடம், மற்றவர்கள் 10 வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். ஊருக்குப் போய் வந்திருந்தால் ஒரு தடவைக்கு 12 மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. (உங்களுக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாள் என்று வைத்திருக்கிறார்கள், இல்லையா? இந்தக் கணக்குப் போடுகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே மூளை.) விண்ணப்பிக்கக் கொடுத்தது 2 வருடம், 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். தோட்டத் தமிழர்களின் கட்சியான சிலோன் இந்தியன் காங்கிரஸ் முதலில் யாரும் விண்ணப்பிக்காதீர்கள், புறக்கணியுங்கள் என்றது. பிறகு மனசு மாறி எல்லோரும் விண்ணப்பியுங்கள் என்றது. அதற்குள் நாள் கரைந்துவிட்டது. தோட்டம் தோட்டமாக அவசரம்.

சின்னத் தாத்தாவின் தோட்டத்தில் படிவம் எழுதியவர் கணக்கப்பிள்ளை. நல்ல மனிதர், காசு வாங்கவில்லை என்பார் தாத்தா. ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு லயம் முழுவதற்கும் எழுதினார். எல்லோருக்கும் ஒரே வாசகம்: ‘இந்தத் தோட்டத்திலேயே இடைவெளி இல்லாமல் வசித்து வருகிறேன்.’

சின்னத் தாத்தாவுக்கு இடைவெளி இருந்தது. 1940-ல் கல்யாணம் கட்ட ஆத்தூருக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே தோட்டக் கூலிகள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடுத்துவிட்டிருந்தது. நான் புது ஆள் இல்லை, பழைய ஆள், திரும்பித்தான் போகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் காட்டிக் கப்பலேற ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். “அதை எழுதினா வம்பு, எல்லாருக்கும் எழுதினதையே எழுதறேன்” என்றாராம். விசாரணையில் அதிகாரி தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வருடம் பேரே இல்லை. தள்ளுபடி. பொய்த் தகவல் கொடுத்தவர் என்று ஒரு வரி வேறு.

உண்மையை எழுதியிருந்தாலும் அந்த 12 மாதக் கணக்கில் தள்ளியிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தால் சொல்வார்: “இல்லேன்னு சொல்லட்டும், பரவால்ல. பொய்யன்னுல்ல எழுதிட்டான். நான் வாயே தொறக்கலயே.” பள்ளிக்கூடப் பையனாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. இப்போது அந்தத் தள்ளுபடிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், அலுக்கவில்லை.

அன்று எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. மிச்சமிருந்தவர்களை 1964-ல் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் களத்துமேட்டில் நெல் அளப்பதுபோல அளந்தார்கள்: மொத்தம் 9,75,000, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஓரமாகக் குவித்தார்கள். அந்த 5,25,000-ல் ஒருவராகத்தான் 1971-ல் சின்னத் தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்.

ஆகவே, ஏம்மா, அந்த மாதிரிப் பதிலை ஒட்டாதீர்கள். உங்களைப் போலப் பத்தாயிரம் பேர் ஒரே வாசகத்தை அனுப்பினால் அங்கே பத்தாயிரம் பேர் பேசியதாக ஆகாது. ஒரே மாதிரி வருகிற பதில்களைப் பிரசாரப் பதில்கள் என்று தனியாகக் கட்டிவைத்து, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு பத்தியில் பதில் சொல்வது அந்த நாட்டுக் கலந்தாய்வுகளில் நடப்பதுதான். எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது: நாடாளுமன்ற இணைய மனு. 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும், 1,00,000 தாண்டினால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிசீலிப்பார்கள். அதில் கையெழுத்துப் போடுங்கள், ஒரே வாசகம்தான் இருக்கும், இருக்கட்டும். கலந்தாய்வில் உங்களிடம் கேட்பது உங்கள் கதையை.

இங்கேயும் பார்த்தேன். 2018-ல் சேலம் – சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க அறிவிப்பு வந்தபோது ஆட்சேபனை சொல்ல 21 நாள் அவகாசம். குப்பனூர், பூலாவரிப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் ஒரே மனு கட்டுக்கட்டாகப் போனது. சர்வே எண் மட்டும் கோடிட்ட இடத்தில். நான் கூடமாட எழுதப் போயிருந்தேன். ஒரு பாட்டி அந்த நகலில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். “என் கெணறு இதுல எங்க இருக்குது?” என்றார். கிணற்றின் ஆழம், வெட்டிய மாமனார் பெயர், எந்த வருடக் கோடையில்கூட வற்றவில்லை, எத்தனை தென்னை, எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். கையெழுத்தில் இரண்டு பக்கம். வரிசையில் நின்ற மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மறுபடி தொடரலாம் என்றது, அந்தக் கதை நீளம். ஆனால் அந்தக் கட்டிலிருந்து எனக்கு இன்றும் ஞாபகமிருக்கிற மனு அது ஒன்றுதான். படித்த அதிகாரிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உங்களிடம் இருக்கிற கிணறு எது? எனக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் நிரந்தரமாகத் தங்குவது உரிமை இல்லை, அது சலுகை, சம்பாதிக்க வேண்டும் என்கிறார். எப்படிச் சம்பாதிப்பது? வருடம் 1,25,140 பவுண்டு வருமானம் என்றால் 7 வருடம் குறையும். 50,270 என்றால் 5 வருடம். தொண்டு செய்தால் 3 முதல் 5 வருடம். நீங்கள் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கிழவரைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுகிறீர்களே, அது பதினைந்து வருட வரிசை. அதே ஆள் சனிக்கிழமை ஒரு தர்மக் கடையில் பழைய துணி மடித்தால் வரிசை குறையலாம். இதை உங்கள் வாயால், உங்கள் ஷிஃப்ட் அட்டவணையோடு எழுதுங்கள். வாட்ஸப் ஆங்கிலத்தில் இது வராது. இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்றையும் தேடுங்கள்: ஐந்து வருடம் என்று உங்களுக்குச் சொன்ன காகிதம். யார் சொன்னது, என்று சொன்னது, எந்த மின்னஞ்சலில். 2006 ஏப்ரலில் இதே நாடு நான்கு வருடத்தை ஐந்தாக்கியது, வந்துவிட்டவர்களுக்கும் சேர்த்து. ஹெச்எஸ்எம்பி என்ற, உயர்திறன் வேலைக்காரர்களுக்கான திட்டத்தில் வந்தவர்கள் அமைப்பாகச் சேர்ந்து வழக்குப் போட்டு, 2009-ல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். எதை வைத்து? அரசே வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பை வைத்து. விதி மாறினாலும் ஏற்கெனவே வந்தவர்களுக்குப் பழைய கணக்குதான் என்று அதில் இருந்தது. உங்கள் விசாவுக்கு அப்படியொரு வாக்குறுதி இருப்பதாக நான் சொல்லவில்லை, அதை வக்கீல் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வந்தவர்களுக்கு இடைக்கால ஏற்பாடு வேண்டுமா என்று இந்தக் கலந்தாய்வே கேட்கிறது. பதில் சொல்லும்போது கையில் தேதி இருக்கட்டும்.

இப்போது திட்டு. ‘நாங்கள் படகில் வந்தவர்கள் இல்லை’ என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். கருத்துப் படிவத்தில் மட்டுமில்லை, மனசிலும். தோட்டத் தமிழர்களுக்கான அந்த 1949 சட்டம் கொழும்பு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரித்தவர்களில் ஜி.ஜி. பொன்னம்பலமும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர், பெரிய வக்கீல், அதற்கு முன் வந்த குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர், அதற்குள் மந்திரியாகியிருந்தார். நாங்கள் வேறு, அந்தக் கூலிகள் வேறு என்ற நினைப்பு. அவர் கட்சியிலேயே இருந்த செல்வநாயகம் பிரிந்துபோய்த் தனிக்கட்சி தொடங்கியது இந்தச் சண்டையில்தான். வேறு வேறு என்று ஒதுங்கியவர்களுக்குப் பிறகு அந்த நாட்டில் என்ன கிடைத்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உதவித்தொகை வாங்கியதில்லை என்று பெருமை வேறு. நாளைக்கு உங்கள் இல்லத்தில் உங்களோடு வேலை செய்யும் ஒருத்திக்கு முதுகெலும்பு போய், வாங்க நேர்ந்தால், திட்டப்படி அவளுக்கு ஐந்தோ பத்தோ வருடம் கூடும். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வீர்களா? நீங்கள் பிறந்த குகையில் எத்தனை வீட்டு அடுப்படியில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள் என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் தறியோடு வந்து இறங்கியபோது யாரும் பதினைந்து வருடம் கேட்கவில்லை.

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை. பையன் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, விண்ணப்பக் கட்டணமே 2025 கணக்குப்படி தலைக்கு 3,029 பவுண்டு. பயத்தில் வரும் வாக்கியம் அது என்று தெரிகிறது.

கடைசியாக, உங்கள் குழுவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சின்னத் தாத்தாக்களுக்கு ஓட்டும் போயிற்று. 1952 தேர்தலில் சிலோன் இந்தியன் காங்கிரஸுக்கு ஒரு இடம்கூட இல்லை. உங்களுக்கு அங்கே ஓட்டு உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் முறையான விசாவில் இருக்கும் இந்தியர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள், இல்லாவிட்டால் சேருங்கள். பிறகு, கலந்தாய்வுக்கு எழுதியதையே உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள். மேலே முழு முகவரியும் போஸ்ட்கோடும் போடுங்கள். அது இல்லாத கடிதத்தை தன் தொகுதிக்காரருடையது இல்லையென்று அவருடைய அலுவலகம் ஒதுக்கிவிடும்.